பசித்த மாணாக்கரும் பாடசாலைக் கஞ்சியும்

காலை பத்து மணியளவிலே, கணக்குப் பாடம் நடக்கும்பொழுது, பின்வாங்கிலே ஒரு சிறுவன் தலையைக் கையிற் சாய்த்துக்கொண்டிருப்பான். உபாத்தியாயர் அவனைச் சோம்பன் என்று கடிந்து எழுப்புவர். எழுந்து நிற்பான், கேட்ட வினாவுக்கு விடை சொல்லான். முதல்நாள் இரவு அவன் உண்டது யாது, அன்று காலை உண்டது யாது என்று வினாவுவார் நம்முள் எத்தனை பேர்? ஏழைகளின் வீடுகள் பலவற்றிலே காலையுணவாவது ஒரு குவளை வெறுந்தேநீரே. 2022ஆம் ஆண்டிலே நம் நாட்டை வருத்திய பொருள்முடை, அதுவரை இரண்டு வேளை உண்ட வீடுகளையும் அந்நிலைக்குக் கொணர்ந்தது. பசித்த பிள்ளைக்குப் பாடம் பற்றாது என்பதை மருத்துவ நூலார் பலவாறு ஆராய்ந்து கூறுகின்றனர். அதனை அறிதற்கு நூலும் வேண்டுவதில்லை. ஒருநாட் பசித்திருந்த எவரும் அறிவர்.

ஆதலின், வித்தியாதானஞ் செய்யப் புகுந்தோர் அன்னதானத்தைப் பிறர் தொழிலென்று விடுதல் தகாது என்பதே யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, வீடுகள்தோறும் பிடியரிசி பெற்று அதனை நடாத்தினார்கள். உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை வேறு பாத்திரத்தில் இட்டு வைத்தலே பிடியரிசி. வறியோரும் அதனைக் கொடுத்தல் கூடும். அவர்களே 1876, 1877ஆம் ஆண்டுகளின் பஞ்சகாலத்திலே கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தோரைக் காத்தார்கள். பாடசாலைக்கு அரிசி தண்டிய கையே கஞ்சியும் வார்த்தது.

அயலிலுள்ள தமிழகத்துச் செய்தியையும் நோக்குவாம். 1920ஆம் ஆண்டிலே, சர் பி. தியாகராயச் செட்டியார் தலைவராயிருந்த சென்னை நகரசபையார், ஆயிரம்விளக்கிலுள்ள தமது பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சிற்றுணவு வழங்கத் தீர்மானித்தனர். பிள்ளையொன்றுக்கு நாட்செலவு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது விதி. பிள்ளைகளின் வரவு பெருகிற்று. வேறு சில பாடசாலைகளுக்கும் அவ்வுதவி விரிந்தது. பின்னர், ஆரம்பக்கல்விக்கென வைத்த பணத்தை உணவுக்குச் செலவிடலாகாது என்று அரசினர் மறுத்தமையால் 1925ஆம் ஆண்டிலே அது நின்றுபோயிற்று. உணவு கல்விக்குப் புறம்பானது என்னும் அந்தக் கணக்குப்பிள்ளைக் கொள்கை இன்றும் நம் நிருவாகிகள் சிலரிடத்து உண்டு.

1956ஆம் ஆண்டிலே, காமராசர் முதலமைச்சராயிருந்தபொழுது, அங்கே மதியவுணவு நாடெங்கும் பரவிற்று. அரசினர் பணத்தோடு ஊரவர் கொடையும் சேர்ந்து அதனைத் தாங்கியது. 1982இலே அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2001இலே, அரசினர் தொடக்கப் பாடசாலைகளிலே சமைத்த உணவு கொடுத்தல் வேண்டுமென்று இந்திய உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2022இலே தமிழகத்துத் தொடக்கப் பாடசாலைகளிற் காலையுணவும் தொடங்கிற்று. தருமமாகத் தொடங்கியது பிள்ளையின் உரிமையாயிற்று.

இங்கே ஒன்று கூறல் வேண்டும். அது சிலர்க்குக் கசக்கும். யாம் அறிந்த ஒரு பாடசாலையிலே, தருமவான்கள் சிலர் வறிய பிள்ளைகளின் பெயரைத் தனியே எழுதி, மணியடித்தவுடன் அவர்களை மாத்திரம் பெயர்சொல்லி அழைத்து உணவு கொடுத்தனர். ஒரு மாதத்துள்ளே அழைக்கப்பட்டோரிற் பாதிப்பேர் வயிற்றுவலி என்றும் பசியில்லை என்றும் சொல்லி ஒதுங்கினர். ஒரு சிறுமி பாடசாலைக்கு வருதலையே விட்டாள். உணவு நல்லுணவுதான், கொடுத்த முறையே பிழை. பிள்ளைகள் பசியைப் பொறுப்பர், தோழர்முன் நாணுதலைப் பொறார். ஆதலாற் கொடுப்பதை எல்லோர்க்கும் கொடுக்க; ஒரே பந்தியிலே கொடுக்க. பொருள் போதாதாயின் கிழமையில் ஐந்து நாளுக்குப் பதிலாக இரண்டு நாள் கொடுத்தாலும், யாவர்க்கும் கொடுத்தலே நன்று.

பந்தி என்னும்பொழுது நம் பழைய குற்றமும் நினைவுக்கு வருகின்றது. 1929ஆம் ஆண்டிலே, நன்கொடை பெறும் பாடசாலைகளிற் பிள்ளைகள் யாவர்க்கும் சமாசனம் அளித்தல் வேண்டுமென்று அரசினர் விதித்தபொழுது, யாழ்ப்பாணத்திலே எதிர்ப்பு மூண்டு, பாடசாலைகள் சில தீக்கிரையாயின. மகேசுரபூசைக்குப் பந்தி விரித்த நம்மவர், பிள்ளைகளை ஒரு வாங்கில் இருத்த அஞ்சினர். யார் அருகில் யார் இருந்து உண்பது என்று முகஞ்சுளிக்கும் பெற்றோர் இன்றும் அங்கங்கே உளர். அவர்களோடு வாதிட்டு நாளைக் கழிக்கவேண்டுவதில்லை. ஆசிரியர் தாமே தம் கோப்பையோடு அப்பந்தியின் நடுவிலே இருந்து உண்க.

இனி, யாது சமைப்பது? இலைக்கஞ்சியினும் எளிதானது யாம் அறியோம். தீட்டாத சிவப்பரிசி மூன்று பங்குக்குப் பயறு ஒரு பங்கு சேர்க்க. அரிசியிற் குறைந்த புரதக்கூற்றைப் பயறு நிரப்பும். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி என்பவற்றுள் வேலியிலும் வரம்பிலும் கிடைப்பது எதுவோ அதனை இறுதியில் இடுக. கண்ணுக்கு வேண்டிய உயிர்ச்சத்துக்குரிய பொருள் கீரையில் உண்டாயினும், கொழுப்போடு சேர்ந்தாலன்றி உடல் அதனைச் செவ்வையாக ஏலாது. ஆதலாற் சிறிது தேங்காய்ப்பால் விடுதல் வீண்செலவன்று. தேசிக்காய்ப்புளி கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். தேநீரோ அதனைத் தடுக்கும். கஞ்சியோடு தேநீர் கொடுப்போர் ஒரு கையாற் கொடுத்து மறுகையாற் பறிப்போராவர். கைகழுவ நீரும் சவர்க்காரமும் முன்னரே வைத்திருத்தல் வேண்டும்.

பொருள் தேடுதற்குப் பிடியரிசி முறையே இன்றும் தக்கது. வகுப்புக்கு ஒரு பானை வைத்தல் போதும். பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் கோயிலில் அன்னதானஞ் செய்வோரை அணுகி, அவற்றுள் ஒருநாளைப் பாடசாலைக்கு வேண்டுதலுங் கூடும். பெரும்பாலோர் மறுப்பதில்லை, கேட்பாரில்லாமையே குறை. ஆனால் அரிசி கொண்டுவராத பிள்ளையை ஏன் கொண்டுவரவில்லை என்று வகுப்பிலே கேட்கலாகாது. வந்த அரிசியும் பயறும், வந்த நாளும் நிறையும், அன்றன்று உலையிலிட்ட அளவும் ஒரு கொப்பியிலே எழுதப்பட்டு, பெற்றோர் எவரும் எடுத்துப் பார்க்கத்தக்கதாக அடுக்களைக் கதவண்டையிலே தொங்குதல் வேண்டும்.