கடல் கடந்து கற்பிக்கப் போகுமுன்

வெளிநாட்டில் வறிய குழந்தைகளுக்குத் தொண்டாற்ற விரும்பும் கொங்குநாட்டுக்காரர்களுக்கு நான் முதலில் காட்டும் இடம் இலங்கை மலையகம். நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகள் தமிழில்தான் படிக்கிறார்கள். அவர்களின் முன்னோர் வெள்ளைக்காரர் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகளோடு போனவர்கள். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் கையெழுத்திட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அப்படித் திரும்பியவர்களில் பலர் நமக்குப் பக்கத்திலேயே, கோத்தகிரியிலும் கூடலூரிலும் தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். கென்யாவுக்கோ கம்போடியாவுக்கோ போனால் குழந்தையோடு நாலு வார்த்தை பேசவே மாதங்கள் ஓடிவிடும். மலையகத்தில் போன முதல் வாரமே ஒரு பிள்ளைக்குப் பின்னக் கணக்குச் சொல்லித்தரலாம்.

ஆனால் விமானச்சீட்டு எடுப்பதற்கு முன்னால் வால்பாறைக்குப் பேருந்து ஏறுங்கள். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் அங்கேயும் அதே தேயிலை, தொழிலாளர்கள் வாழும் அதே லைன் வீடுகள். அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தொழிலாளிகளின் பிள்ளைகளும் இப்போது அங்கே இருக்கிறார்கள். மலையேற முடியாதவர்களுக்குத் திருப்பூர் இருக்கிறது. பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் குழந்தைகள், தமிழ் எழுத்து பிடிபடாமல் அரசுப் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஜூனிலிருந்து ஏப்ரல் வரை வாரம் ஒருநாள் தவறாமல் போங்கள். தவறாமல் என்பதுதான் இதில் கடினம். தீபாவளி நெருக்கத்திலும் மழையிலும் போகத் தோன்றுகிறதா என்று அந்த ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்தவராக இருந்தால் பாதிப் பயிற்சி முடிந்தது. அதற்கான சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது அமைப்பைத் தேர்ந்தெடுப்பது. இதில் அவசரமே கூடாது. வெளிநாட்டுத் தன்னார்வலர்களைக் குறிவைத்து நடக்கும் அனாதை இல்லங்களைத் தவிர்த்துவிடுங்கள். உலகம் முழுவதும் இப்படிப்பட்ட விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாக சேவ் தி சில்ட்ரன் 2009-இல் எழுதியது. நேபாளத்தில் நல்ல படிப்பு கிடைக்கும் என்று பெற்றோரை நம்பவைத்து மலைக்கிராமத்துப் பிள்ளைகளைக் காத்மாண்டுவுக்குக் கொண்டுவந்து, அனாதைகள் என்று காட்டி நன்கொடை வாங்கியது அம்பலமானது. தன்னார்வலர் கொடுக்கும் பணம்தான் அந்த வியாபாரத்தை நடத்துகிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே இதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அன்போடு போகிறவர்களின் பணமே ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க உதவுகிறது என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

ஆகவே அமைப்பிடம் நேராகக் கேளுங்கள். பிள்ளைகள் பெற்றோரோடு வாழ்கிறார்களா? நான் போனபின் அந்த வகுப்பை யார் எடுப்பார்கள்? நான் கட்டும் தொகையில் எவ்வளவு எதற்குப் போகிறது? என்னிடம் காவல்துறைச் சான்று கேட்பீர்களா? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் தேவையில்லை" என்று பதில் வந்தால் அங்கே போகாதீர்கள். உங்களைச் சோதிக்காதவர்கள் வேறு எவரையும் சோதித்திருக்க மாட்டார்கள். கட்டணமே வாங்காமல் வாழ்க்கைச் செலவுக்குப் படியும் தரும் வழி ஒன்று உண்டு. அது ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 18 வயது நிரம்பியவர்கள் அதில் வீட்டிலிருந்தே இணையவழித் தொண்டிலும் சேரலாம்.

தாள்களுக்கு வருவோம். போலீஸ் கிளியரன்ஸ் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்து, கோவை சேவா மையத்தில் நேரம் வாங்கலாம். ஊதியமில்லாத வேலையையும் பல நாடுகளின் குடிவரவுச் சட்டம் வேலையாகவே பார்க்கிறது. அதனால் சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுக்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எந்த விசா என்று அமைப்பு எழுத்தில் தரட்டும், இலங்கைக்குப் போவதானால் அதைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மலையகத்தின் தோட்டப் பாடசாலைகள் 1970-களிலேயே அரசின் கைக்குப் போய்விட்டவை. பள்ளி அதிபர் (அங்கே தலைமையாசிரியரை அப்படித்தான் சொல்வார்கள்) சம்மதித்தாலும் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். ஆப்பிரிக்காதான் என்று முடிவு செய்தவர்கள், போகும் நாட்டுக்குத் தேவையென்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்கு 10 நாளாவது முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

"ஏங்கண்ணு, சம்பளமில்லாம அங்க போயி என்ன பண்ணப் போற?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எத்தனை மாதம், எங்கே தங்கல், யார் பொறுப்பு, திரும்பி வந்தபின் என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். எழுத வரவில்லையென்றால் இன்னும் ஆறு மாதம் பொறுக்கலாம்.

காலத்தையும் கணக்கிடுங்கள். இலங்கையில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குவது வழக்கம்; ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் விடுமுறை விடுவார்கள். நம் கோடை விடுமுறை மே மாதத்தில் வருவதால் இங்குள்ள ஆசிரியர்களுக்கு அங்கத்திய இரண்டாம் தவணை தோதாக அமையும். நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது, ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

அங்கே போனதும் முதல் இரண்டு வாரம் பாடம் எடுக்காதீர்கள், வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து கவனியுங்கள். ஐந்தாம் தரப் (ஐந்தாம் வகுப்பு) புலமைப்பரிசில் தேர்வுக்கு ஆசிரியர் எப்படித் தயார் செய்கிறார், எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆசிரியரோடு சேர்ந்து பாடம் நடத்துங்கள். உங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டி அவரைப் பிள்ளைகள் முன் சிறுமைப்படுத்திவிடக் கூடாது. எந்தக் குழந்தையோடும் தனியறையில் இருக்காதீர்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை உங்கள் சமூக வலைத்தளப் பக்கத்தில் போடாதீர்கள். தனித்தனியாகப் பரிசு கொடுப்பதும் வேண்டாம், வாங்கித் தருவதானால் வகுப்பு முழுவதற்கும் பொதுவாக, அதிபர் கையால் போகட்டும். துன்புறுத்தல் ஏதாவது கண்ணில் பட்டால் நீங்களே விசாரிக்கப் புறப்படாமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 எண்ணை அழையுங்கள். இங்கே நமக்கு 1098 இருப்பதுபோல அங்கே அது. மறுபடி வருவேன் என்று எந்தப் பிள்ளையிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். விட்டுப் போனவர்களை அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டார்கள்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கையில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். செய்து முடித்த பயிற்சித் தாள்கள், ஒவ்வொரு பிள்ளையும் எதுவரை வந்திருக்கிறது என்ற குறிப்பேடு, மீதிப் பாடத்திட்டம் எல்லாவற்றையும் வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள். கடைசி வாரத்தில் அவரே வகுப்பு எடுக்கட்டும், நீங்கள் மறுபடி பின்வரிசைக்குப் போய்விடுங்கள்.