கிழித்த ராஜினாமாக் கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன கதை இன்னும் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. கோபக்கார எம்.டி.யிடம் பி.ஏ. பெண் ராஜினாமாக் கடிதத்தை நீட்டுகிறாள். அவன் அதை நாலாகக் கிழித்துப் போட்டு, "எங்கடி போயிடுவே?" என்று மணிக்கட்டைப் பிடிக்கிறான். "செம சீன் சித்தி" என்றாய். அடுத்த யூடிக்கு, அதாவது அடுத்த அத்தியாயத்துக்கு, உன் விடுதி அறையே காத்திருக்கிறதாம்.

படிக்காதே என்று சொல்ல மாட்டேன். உன் அம்மாவும் நானும் வாடகை நூலகத்தில் ரமணிசந்திரன் நாவலுக்குச் சொல்லிவைத்துக் காத்திருந்தவர்கள்தான். வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். ஷிப்ட் முடிந்து, கால் வீங்கிப் படுக்கிறவளின் போனுக்குள் ஒரு பணக்காரன் வந்துவிட்டுப் போகட்டுமே.

என்னை உறுத்துவது வேறு. பி.எட். சேருவதற்கு முன்னால் மூன்று வருஷம் நானும் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தேன் இல்லையா? லைன் லீடரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். லைன் நிற்காது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் அவர்தான் ரிலீவரை அனுப்ப வேண்டும். ஓ.டி., லீவு, கான்ட்ராக்ட் நீட்டிப்பு எல்லாம் அவர் சொல்வதுதான். ஒருநாள் பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். "பஸ்ஸிலேயே போறேண்ணா" என்றேன். சிரித்தபடி "சரிம்மா" என்றார். மறுநாளிலிருந்து எனக்கு ரிலீவர் வரவில்லை. யாரும் திட்டவில்லை, தொடவில்லை. நான்தான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் மறுபடி கேட்டார். ஏறிக்கொண்டேன், சுங்குவார்சத்திரம் வரைக்கும். கேட்டில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சம்மதித்தவள்.

இதையே காதல் கதையாக எழுதினால் முதல் மறுப்பு பிகு ஆகிவிடும், மூன்று வாரம் ஊடல் ஆகிவிடும். ரிலீவர் வராதது மட்டும் கதையில் இருக்காது. வள்ளுவரும் காமத்துப்பாலை ஊடலுவகையில்தான் முடிக்கிறார். ஆனால் அங்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவளுக்கு ஒரு நாள் சம்பளம்கூடப் போகாது.

வகுப்பில் தொல்காப்பியம் நடத்தும்போது ஓரிடத்தில் எனக்கு எப்போதும் முள் குத்தும். அடிமைப்பட்ட அடியோரையும் ஏவிய வேலை செய்யும் வினைவலரையும் காதல் ஒழுக்கமான ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்திவிட்டார்கள். உழைக்கிறவளுக்கு அன்பின் ஐந்திணை கிடையாது என்றது பழைய இலக்கணம். முதலாளி வந்து கையைப் பிடித்தால் உண்டு என்கிறது உன் ஆன்டி ஹீரோ கதை. இரண்டு பேரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் கதை பைக்கோடு போயிற்று. எல்லோருக்கும் அப்படிப் போவதில்லை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆடை ஆலைத் தொழிலாளி ஒருத்தி கொலையானாள். கைதானவர் அவளுடைய சூப்பர்வைசர். அதற்குப் பிறகுதான் 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, தப்பு நடந்தால் கவனித்துச் சொல்ல அதில் வழி செய்தார்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013 சட்டம் கதைக்காரர்களைவிட விவரமானது. வேண்டாத பாலியல் நடத்தையோடு, சலுகை உண்டு என்ற ஜாடையோ, வேலைக்கு ஆபத்து என்ற ஜாடையோ சேர்ந்தாலே துன்புறுத்தல் ஆகலாம் என்கிறது. வாய்விட்டு மிரட்டியிருக்க வேண்டும் என்றில்லை. உன் எம்.டி. இதுவரை வந்த அத்தியாயங்களில் அந்தப் பிரிவைத் தாண்டி ஓர் அடி எடுத்துவைக்கவில்லை. உன்னைப் போல் டிரெய்னியும் கான்ட்ராக்டும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறவர்கள்தான். பத்துப் பேர் வேலை செய்தாலே உள் புகார்க் குழு இருக்க வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். குழுவில் யார் யார் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்க வேண்டும். நாளைக்கே பார்த்து எழுதி வைத்துக்கொள்.

அந்தப் பி.ஏ. பெண் வேறு கம்பெனியில் சேர்ந்து, முதல் சம்பளமும் வாங்கி, அதற்குப் பிறகு தானாகவே அந்த எம்.டி.யோடு டீ குடிக்கப் போகிற கதை எங்காவது வந்தால் எனக்கு லிங்க் அனுப்பு, ராத்திரி முழுக்க உட்கார்ந்து படிக்கிறேன். உன் கதையில் அவளுடைய பி.எஃப். என்ன ஆயிற்று என்றுகூட எழுதியவர் சொல்லவில்லை. அது இருக்கட்டும், இந்தக் காலத்தில் ராஜினாமாவைத் தாளில் எழுதி அவன் கையிலேயே ஏன் கொடுத்தாள்? ஹெச்.ஆருக்கு மெயில் போட்டிருந்தால் எதைக் கிழித்திருப்பான்?

அன்புடன்,
சித்தி