சமநிலையும் சம அளவும்

மாணவர்களே, மர்பி டவுனிலிருந்து அல்சூர் ஏரிவரை ஓடினால், தசையில் சேமித்த கிளைக்கோஜன் சிதைந்து குளுக்கோஸ்-1-பாஸ்பேட் உண்டாகும். ஒரு நொதி அதனைக் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாக மாற்றும். இவ்வினை இரு திசைகளிலும் நிகழவல்லது.

25° செல்சியஸில் இவ்வினையைக் குடுவையில் நிகழவிட்டால், இறுதியில் நூற்றுக்கு 95 பங்கு 6-பாஸ்பேட்டும் 5 பங்கு 1-பாஸ்பேட்டும் இருக்கும். இதுவே சமநிலை. இங்கு அளவுகள் சமமல்ல. முன்செல்லும் வேகமும் பின்திரும்பும் வேகமுமே சமம்.

பாஸ்பேட்டை அளக்க, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவும் சைரஸ் பிஸ்கும் 1925இல் வெளியிட்ட முறை ஆய்வகங்களில் பெரிதும் பயன்பட்டது.

கணக்கீடு
சமநிலை மாறிலி = 95 ÷ 5 = 19
19இன் இயல் மடக்கை = 2.944
திட்டக் கட்டிலா ஆற்றல் மாற்றம் = −(வாயு மாறிலி × வெப்பநிலை × இயல் மடக்கை)
= −(8.314 × 298 × 2.944)
= மோலுக்கு ஏறத்தாழ −7.3 கிலோஜூல்

எதிர்க்குறி, சமநிலையில் விளைபொருளே மிகுதி என்பதை உணர்த்தும்.

சமநிலையை எட்டிய வினையிலிருந்து மேலும் ஆற்றல் பெற இயலாது. ஓடும் தசையிலோ 6-பாஸ்பேட் உடனுக்குடன் அடுத்த வினைக்குச் செலவாகிறது. ஆதலால் வினை முன்னோக்கியே தொடர்கிறது. முற்றிலும் சமநிலை எய்தாதிருப்பதே உயிரின் இயல்பு.

சொற்பொருள்
நொதி – உயிரினங்களில் வினையை விரைவுபடுத்தும் பொருள்
கட்டிலா ஆற்றல் – வேலை செய்யப் பயன்படும் ஆற்றல்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: இவ்வினை.
2. 'சமநிலை', 'சம அளவு' – வேறுபடுத்துக.
3. தசையில் 6-பாஸ்பேட் செலவாகாவிடில் என்ன நேரும்? சொந்த நடையில் எழுதுக.