வீட்டிலிருந்தே வேலை – வலைத்தளத்தில் ஒரு பட்டிமன்றம்



2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்ததும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஊழியர்களை லேப்டாப்போடு வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டன. அப்போது யாரும் சண்டை போடவில்லை. நோய் அடங்கி, "ஆபீசுக்கு வாங்க" என்று கூப்பிட்ட பிறகுதான் பேஸ்புக்கிலும் லிங்க்ட்இன்னிலும் பட்டிமன்றம் சூடுபிடித்தது.

முதலாளிகள் கட்சி என்னவென்றால், கண்ணில் படாதவன் வேலை செய்யமாட்டான். 2022-ல் எலான் மஸ்க், டெஸ்லா ஆட்கள் வாரம் 40 மணி நேரமாவது ஆபீசில் இருந்தாக வேண்டும் என்றார். மாட்டேன் என்பவர்கள் வேறெங்காவது போய் வேலை செய்வதுபோல் நடிக்கட்டும் என்று ட்விட்டரிலும் எழுதினார். ஊழியர்கள் கட்சிக்கோ பஸ் நேரம் மிச்சம், நகரத்து வாடகை மிச்சம், பெற்றோர் பக்கத்திலேயே இருக்கலாம். 2023 ஆகஸ்டில், வீட்டிலிருந்தே மீட்டிங் நடத்த வழிசெய்த ஜூம் கம்பெனியே, ஆபீசுக்கு அருகில் குடியிருக்கும் தன் ஆட்களை வாரம் இரண்டு நாள் வரச் சொன்னது. கிண்டலுக்குக் கேட்கவா வேண்டும்!

சண்டையை விடுங்கள், சோதனையைப் பார்ப்போம். சீனாவின் டிரிப்.காம் கம்பெனியில் 1,612 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்த்தவர்களின் வேலைத்தரம் குறையவில்லை. வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். 'வேலை கெடும்' என்று முதலில் நினைத்த மேலாளர்களே பிறகு எண்ணத்தை மாற்றிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒன்று பட்டது. பேசுகிற எல்லோரும் லேப்டாப் பிடித்தவர்கள். லேத் பிடித்தவர் ஒருத்தரையும் காணோம். லேத்தை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா என்ன? மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு அந்த மேடையில் இடமே இல்லை.

இன்னொரு கூட்டத்தையும் காணோம். எங்கள் நெல்லைப் பக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் பீடி சுற்றும் பெண்கள். என் அம்மாவும் அதில் ஒருவர். கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, மடியில் தட்டை வைத்துச் சுற்றினால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்று 1966-லேயே பீடித் தொழிலாளர் சட்டம் சொன்னது. 'கரண்ட் பில்லைக் கம்பெனி கட்டுமா?' என்று லேப்டாப்காரர்கள் கேட்கும் கேள்வியை இவர்கள் யாரிடம் கேட்பது?

அம்மாவிடம் இந்தப் பட்டிமன்றத்தைச் சொன்னேன். "ஆபீசுக்குப் போனா நாலு பேரப் பாக்கலாம்லா, ஏன் வேண்டாங்காவ?" என்றார். சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். அங்கே ஏற்கெனவே ஐந்தாறு பேர் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார்கள்.