தீவைக் குறை, நாளைக் கூட்டு

வன்னியம்பட்டி

அன்பு மருமகன் கண்ணனுக்கு அத்தை எழுதுவது.

நீ வாட்ஸப்பில் அனுப்பிய அந்தமான் ஸ்கூபா டைவிங் பயணத் திட்டத்தைப் பொறுமையாகப் படித்தேன். போனில் பதில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி விழாது. அதனால்தான் கடிதம். போகாதே என்று தடுக்க இதை எழுதவில்லை. உன் மாமா துறைமுகத்திலும் நான் நர்ஸாகவும் வேலை பார்த்து, வாழ்க்கையில் பாதியைப் போர்ட் பிளேரில் கழித்தவர்கள். அந்தக் கடலுக்குள் இருப்பதை நம் வீட்டுப் பிள்ளை பார்க்கவேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் உன் திட்டம் சரியில்லை.

ஆறே நாளில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடாங், டிக்லிப்பூர் என்று போட்டிருக்கிறாய். (பெயர்கள் மாறிவிட்டன. 2018 முதல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு, நீல் ஷாஹீத் தீவு. 2024 முதல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம். படகு டிக்கெட்டில் புதுப்பெயர் இருந்தால் குழம்பாதே.) ஆபீஸ் நண்பர் கரீபியன் கடலில் ஒரே விடுமுறையில் நாலு தீவு பார்த்தாராம், நீயும் பார்க்கவேண்டுமாம். அங்கே பொனேர் தீவுக்கு டைவிங்குக்கென்றே போகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரே தீவில் வாரக்கணக்கில் தங்கி, தினமும் கடலில் இறங்குகிறவர்கள். தீவுகளை எண்ணிக்கொண்டு ஓடுகிறவனுக்குக் கடல் எதையும் காட்டாது. டிக்லிப்பூர் போக ஒரு பகல் முழுக்க பஸ், திரும்ப ஒரு பகல். அதை அடித்துவிடு. பாராடாங் போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. அவர்கள் வேடிக்கைப் பொருள் இல்லை. அதையும் அடி.

இனி முக்கியமான விஷயம். நம் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ரூம் மேலிருந்து குதித்து, தரை மண்ணை அள்ளி வந்து காட்டியவன் நீ. அந்தத் துணிச்சல்தான் எனக்குக் கவலை. கிணற்றில் யார் அதிக நேரம் மூச்சடக்குகிறானோ அவன் கெட்டிக்காரன். டேங்க் காற்றோடு முங்கும் ஸ்கூபாவில் முதல் பாடமே மூச்சை அடக்கக்கூடாது என்பது. காரணத்தைத் தெரிந்துகொள். கிணற்றில் நீ மேலே இழுத்த காற்றோடு முங்குகிறாய். கீழே போகப் போக அது சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்கு வரும். நுரையீரலுக்குப் பாதகமில்லை. ஸ்கூபாவில் நீ காற்றை இழுப்பதே ஆழத்தில். பத்து மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்றும் இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்துவிடும். பயந்துபோனால் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வது கிணற்றுக்காரனுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தை முதலில் மறக்கவேண்டும். நீச்சல்குளத்தில் பயிற்சி கொடுப்பதே அதற்குத்தான். பாண்டிச்சேரியில் டைவிங் பள்ளிகள் இருக்கின்றன. சென்னையிலிருந்து பக்கம்தானே. பாடத்தையும் குளப் பயிற்சியையும் அங்கே முடித்துக்கொள். ஹேவ்லாக்கில் கடலுக்கு மட்டும் நாள் ஒதுக்கலாம். ஓப்பன் வாட்டர் சான்றிதழ் இருந்தால் பதினெட்டு மீட்டர் வரை போகலாம். அது இல்லாமல் முதல்முறை இறங்குகிறவர்களைப் பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே கூட்டிப்போகக்கூடாது. யாராவது "பரவாயில்லை, வாங்க" என்றால் அவரோடு போகாதே.

மூச்சைப் போலவே நேரக் கணக்கும் முக்கியம். தூத்துக்குடி நமக்குத் தூரமில்லை. அங்கே சங்குகுளிக்கும் ஆட்கள் ஒரு காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கித்தான் இறங்கினார்கள். பிறகு கம்ப்ரசர் வந்தது. குழாயை வாயில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் இருந்தார்கள். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கணக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் கைகால் விளங்காமல் போனவர்கள் உண்டு. ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து ஏறிவிடும். மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியாக வெளியேறும். அவசரப்பட்டால் ரத்தத்திலும் நரம்பிலும் குமிழாக நிற்கும். அதனால்தான் நிமிஷத்துக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்கச் சொல்கிறார்கள்.

மேலே வந்தவுடன் கணக்கு முடிந்துவிடாது. உன் திட்டத்தில் ஐந்தாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு நீலில் கடைசி டைவ், மறுநாள் காலை ஏழு மணிக்குச் சென்னை விமானம். இடையில் பதினேழு மணி நேரம். பல நாள் அடுத்தடுத்து டைவ் செய்தவர்கள் குறைந்தது பதினெட்டு மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறவேண்டும் என்பது விதி. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய கொடைக்கானல் மலைமேல் இருப்பதைப் போலத்தான் இருக்கும். உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழாகும். ஒரு மணி நேரம்தானே குறைகிறது என்று வாதாடாதே. கடைசி ஒரு நாளை முழுதாகச் சும்மா விடு. அன்று போர்ட் பிளேரில் தங்கி செல்லுலார் சிறையைப் பார். 1906-ல் கட்டி முடித்தது. கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கிடையே படகு ஓடாது. அதற்கும் அந்த ஒரு நாள் கை கொடுக்கும்.

சின்ன வயதில் உனக்கு வீசிங் இருந்தது மறந்துவிட்டதா? டைவிங் கடையில் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா உண்டா என்று அதில் கேள்வி இருக்கும். ஹேவ்லாக்கில் போய் "ஆம்" என்று போட்டால் டாக்டர் கடிதம் இல்லாமல் இறக்கமாட்டார்கள். பணம் போகுமே என்று "இல்லை" என்று போடத் தோன்றும். அந்தப் பொய் உயிரை வாங்கும். சுருங்கிய மூச்சுக்குழாயில் காற்று மாட்டிக்கொண்டால், மூச்சை அடக்கி ஏறினவன் கதிதான். ஆகவே இப்போதே நெஞ்சு டாக்டரைப் பார். ஸ்கூபா போகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி எழுத்தில் வாங்கு. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். சளி பிடித்திருந்தாலும் இறங்காதே. மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு போனால், அடியில் இருக்கும்போது மருந்தின் வேகம் தணிந்து காது அடைத்துக்கொள்ளும். இறங்கும்போது வலி வரும்வரை காத்திருக்காமல் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக்கொண்டே இறங்கு. ராத்திரி நண்பர்களோடு குடித்துவிட்டுக் காலையில் டேங்க் மாட்டாதே. இதை அத்தையாக அல்ல, நர்ஸாகச் சொல்கிறேன்.

முன்பணம் கட்டுமுன் கடைக்காரரிடம் கேள்: படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரியின் அழுத்த அறைக்கு, எப்படிக் கொண்டுபோவீர்கள்? ஒரு இன்ஸ்ட்ரக்டரிடம் எத்தனை பேர்? உன் இன்சூரன்ஸில் டைவிங் சேர்ந்திருக்கிறதா என்றும் பார். பலவற்றில் சேர்ந்திருக்காது.

தீபாவளி லீவு வேண்டாம். அது வங்கக்கடலில் புயல் காலம். தை, மாசியில் தண்ணீர் தெளிந்திருக்கும். பங்குனிப் பூக்குழித் திருவிழாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்துவிடலாம். எட்டு நாள் எடு. ஹேவ்லாக்கில் நாலு இரவு, நீலில் இரண்டு, போர்ட் பிளேரில் ஒன்று. டைவிங்குக்கு முதலில் ஹேவ்லாக்கின் நீமோ ரீஃப் போன்ற ஆழமில்லாத இடம், பிறகு மற்றவை. பவளத்தைத் தொடாதே. கல் மாதிரித் தெரிந்தாலும் அது உயிர். 2010-ல் கடல் சூடேறி அந்தமான் பவளம் பெருமளவு வெளுத்துப் போனது. தப்பிப் பிழைத்ததைக் கால் துடுப்பால் உடைக்கக்கூடாது. செத்த பவளம்கூட எடுத்துவரத் தடை. வீட்டில் யாராவது சங்கு கேட்டால் தூத்துக்குடியில் வாங்கித் தரலாம்.

திருத்திய திட்டத்தையும் டாக்டர் கடிதத்தையும் எனக்கு அனுப்பு. நான் பார்த்த பிறகு விமான டிக்கெட் போடு.

அன்புடன்,
அத்தை