செர்ன் ஆராய்ச்சி நிலையமும் இந்தியாவின் இணை உறுப்புரிமையும்

மாட்டுங்காவில் உள்ள வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிலையத்தில் பயிலும் மாணவருக்கு ஜெனீவா நெடுந்தொலைவு. டிராம்பே அணு ஆராய்ச்சி மையமோ சில கிலோமீட்டர்தான். ஜெனீவாவிலுள்ள செர்ன் நிலையத்துடன் இந்தியா உடன்பாடு செய்துகொண்டதும் மும்பையில்தான்; அது 2016 நவம்பர் 21-ஆம் நாள். 2017 ஜனவரி 16 முதல் நம் நாடு அதன் இணை உறுப்பு நாடாகும்.

இணை உறுப்பு நாடு ஆண்டுதோறும் சந்தா செலுத்த வேண்டும். ஆட்சிக் குழுவில் அதற்கு வாக்குரிமை இல்லை. நம்மவர் அங்கு குறித்த காலப் பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம். நமது தொழிற்சாலைகள், வரம்புக்குட்பட்டு, ஒப்பந்தப்புள்ளி அளிக்கலாம். வறுமை நீங்காத நாட்டிற்கு இச்செலவு தகுமா என்ற வினா நியாயமானதே.

முன் அனுபவத்தைக் கொண்டே இதற்கு விடை காண வேண்டும். செர்னின் பெரிய துகள் முடுக்கியின் சுற்றளவு 27 கிலோமீட்டர். துகள்களை வளைத்துச் செலுத்தும் 1,232 காந்தங்கள் அதில் உள்ளன. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன் எடை; மூன்று ஜாக்கிகளின் மீது நிற்பது. மயிரிழையும் பிசகாமல் காந்தங்களை நிறுத்தும் இந்த ஜாக்கிகளில் ஏறத்தாழ 7,000 இந்தியாவில் செய்யப்பட்டவை. லாரி ஜாக்கியை மட்டுமே அறிந்தவர் வியப்படையலாம்! இந்தூர் ஆராய்ச்சி மையத்தின் மேற்பார்வையில் மீக்கடத்திக் காந்தங்களும் இங்கிருந்து சென்றன.

அன்று பணமாகத் தராமல் பொருளாகத் தந்தோம். அதனால் நுண்பொறியியல் நம் பட்டறைகளிலேயே தங்கியது. இன்று தருவது ரொக்கம். ஒப்பந்தங்களைப் போட்டியிட்டுப் பெற்றாலன்றி அப்பயன் தானாகத் திரும்பாது. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள் செம்பூரிலும் கோவையிலும் உள்ள நடுத்தரப் பட்டறைகளுக்கு உரிய காலத்தில் எட்டுகின்றனவா என்பதை அதிகாரிகள் முதலில் ஆராய வேண்டும்.