இறுகிப்போன பால் ஜாயிண்ட்டைக் கழற்ற…

கடலூர், சிதம்பரம் பக்கம் உப்புக் காற்றில் காரின் அடிப்பாகம் சீக்கிரம் துருப்பிடிக்கும். பால் ஜாயிண்ட்டை வீட்டிலேயே கழற்றுபவர்களுக்குச் சில குறிப்புகள்:

• முதல் நாள் இரவே மண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டு, நட்டின் மேல் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள்.

• சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு அவசியம்.

• டை ராட் எண்டில் ஸ்பிளிட் பின்னை உருவிவிட்டு, நட்டைச் சில புரிகளில் தொங்கவிடுங்கள். விடுபடும்போது தெறிக்காது.

• ஸ்டட்டின் நுனியில் அடித்தால் புரி நசுங்கிவிடும். நக்கிளில் அது நுழையும் வளையத்தின் பக்கவாட்டில் சுத்தியலால் ‘நச்’சென்று அடியுங்கள். அசையாவிட்டால் புல்லர் போடுங்கள். ஃபோர்க் கருவி ரப்பர் உறையைக் கிழிக்கும். தூக்கிப்போடப் போகும் ஜாயிண்ட்டுக்கு மட்டும் சரி.

• மாருதி ஆல்டோ போன்ற கார்களின் லோயர் ஆர்ம் ஜாயிண்ட்டை ஒரு குறுக்கு போல்ட்தான் பிடித்திருக்கும். அதை முழுதாக உருவி, பிளவைச் சற்று விரித்து, ஆர்மைக் கீழ்நோக்கி நெம்புங்கள்.

• மாட்டும்போது புது ஸ்பிளிட் பின் போடுங்கள். டை ராட் எண்ட் மாற்றியிருந்தால் வீல் அலைன்மெண்ட் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.